சிவகாமியைச் சுருக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய சரித்திரக் காதல் நாவல்களை இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிக்க மாட்டார்கள், வர்ணனைகளை எடுத்துவிட்டு இருநூறு பக்கத்துக்குள் சுருக்கிக் கொடுத்தால்தான் கையில் எடுப்பார்கள் என்று சென்ற ஞாயிறு இணைப்பில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய நல்ல எண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கல்கியின் 'சிவகாமியின் சபதம்' நாவலை அப்படிச் சுருக்கிய புத்தகம் ஒன்று என் வீட்டு மேசையில் கிடக்கிறது. அது என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்கார வீட்டில் பிறந்தவள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றேன். இப்போது எழுபது வயது. எங்கள் வீட்டில் அப்பாவுக்குக் குழித்தறி. அவர் குழியில் உட்கார்ந்து நெய்வார், அம்மா ராட்டையில் தார் சுற்றுவாள், கோர்வைச் சேலை என்றால் அண்ணன் வலது பக்கம் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளுவான். என் வேலை படிப்பது. அப்பாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் கிளை நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்து, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் படிக்க வேண்டும். நல்ல இடம் வந்தால் தறி நின்றுவிடும். தறி நின்றால் கூலி நிற்கும் என்று அம்மா முணுமுணுப்பாள். ஆனால் அவள் ராட்டையும் நின்றுதான் இருக்கும்.

அப்படிப் படித்ததில் எங்கள் வீட்டை ஆட்டிவைத்த புத்தகம் கல்கியின் 'சிவகாமியின் சபதம்'. கல்கி பத்திரிகையில் 1944 முதல் 1946 வரை தொடராக வந்த கதை. நான் படித்தது 1967-ல், எனக்குப் பன்னிரண்டு வயது. நான்கு பாகம், நான்கு தனிப் புத்தகங்கள். 'காஞ்சி முற்றுகை' கிடைக்காமல் மூன்று வாரம் காத்திருந்தோம். நூலகப் பிரதியின் ஓரங்களில் எங்களுக்கு முன்னால் படித்தவர்கள் பென்சிலில் எழுதி வைத்திருந்தார்கள். 'ஐயோ, போகாதே' என்று ஒரு கை. 'இவனை நம்பாதே' என்று, சூழ்ச்சிக்கார பிக்ஷு நாகநந்தி வரும் இடமெல்லாம் இன்னொரு கை. அந்த வரிகளையும் சேர்த்தே படிப்பேன். அப்பா கேட்பார், "அதுக்கு அடுத்தாப்ல என்ன எழுதியிருக்கான்?"

கதை நடப்பது எங்கள் ஊரில், பல்லவர் காலத்தில். ஏகாம்பரநாதர் கோயில் மணி எங்கள் தெருவுக்குக் கேட்கும். நாட்டியக்காரி சிவகாமியின் தந்தை ஆயனச் சிற்பி கல்லைச் செதுக்குகிற காட்டு வீடு எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று அண்ணனும் நானும் சண்டை போடுவோம். ஆனால் அப்பாவைப் பிடித்துக்கொண்டது காதலும் இல்லை, போரும் இல்லை. அஜந்தா வர்ணம். நூற்றுக்கணக்கான வருடமாகியும் மங்காத அந்தச் சாயத்தின் இரகசியம் தெரிய வேண்டும் என்று ஆயனர் தவிக்கிறாரே, அதற்காகவே பரஞ்சோதி என்ற இளைஞனை அவ்வளவு தூரம் அனுப்புகிறாரே, அந்த இடங்களை அப்பா திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வார். சாயம் ஒட்டாமல் திரும்பி வந்த சேலைக்குக் கூலியில் பிடித்தம் வாங்கியவர் அவர். ஆயனரின் தவிப்பு அவருக்குக் கதையாகத் தோன்றவில்லை. அன்றைக்குத் தறியில், பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரால் வழங்கும் எம்.எஸ். நீலம் ஓடிக்கொண்டிருந்தது. எம்.எஸ். அம்மா 'சாவித்திரி' படத்தில் நடித்து வந்த பணம்தான் 1941-ல் கல்கி பத்திரிகை தொடங்கக் கைகொடுத்தது என்பதைப் பல வருடம் கழித்துப் படித்தபோது, அந்த நீலமும் அந்தக் கதையும் ஒரே வீட்டில் ஒன்றாக இருந்ததை நினைத்து எனக்குத் தொண்டை அடைத்தது.

நான்காம் பாகம் 'சிதைந்த கனவு' முடிந்த அன்று எங்கள் வீட்டில் தீர்ப்பும் முடிந்தது. அம்மா சொன்னாள், "கூப்பிட வந்தவனோட அன்னிக்கே வந்திருக்கலாம். பிடிவாதம் பிடிச்சு வாழ்க்கையைக் கெடுத்துக்கிட்டா." அண்ணனும் அதையே சொன்னான். நானும் அதையேதான் நினைத்தேன். சளுக்கியர் சிவகாமியைச் சிறைபிடித்துத் தங்கள் தலைநகர் வாதாபிக்குக் கொண்டுபோகிறார்கள். அவளை மீட்க அவளுடைய காதலர், பல்லவ மாமல்லர், மாறுவேடத்தில் வந்து நிற்கிறார். நகரம் எரியாமல் வர மாட்டேன் என்கிறாள் சிவகாமி. ஒன்பது வருடம் கழித்து நகரம் எரிகிறது. அவள் ஊர் திரும்பினால் மாமல்லருக்குப் பாண்டிய இளவரசியோடு கல்யாணமாகிக் குழந்தைகளும் இருக்கிறார்கள். பன்னிரண்டு வயதில் எனக்கு அது பிடிவாதத்துக்குக் கிடைத்த தண்டனையாகத் தெரிந்தது. எங்கள் தெருவில் பெண் பிள்ளைகள் அடம்பிடித்தால் "சிவகாமி மாதிரி பண்ணாதே" என்று சொல்கிற வழக்கமே வந்துவிட்டது.

ஐம்பத்தெட்டு வருடம் கழித்து, போன தை மாதம், அதே வீட்டில் அதே தீர்ப்பை மறுபடி கேட்டேன். கல்லூரி முதலாண்டு படிக்கும் என் பேத்தி அந்தச் சுருக்கப் பதிப்பைப் புத்தகக் கண்காட்சியில் வாங்கி வந்து ஒரே மாலையில் முடித்தாள். மூடி வைத்துவிட்டுச் சொன்னாள், "ஆயா, இந்தப் பொண்ணு சரியான அடம். இவளோட ஈகோவுக்கு ஒரு ஊரையே கொளுத்தியிருக்காங்க. இதையா நீங்கல்லாம் உருகி உருகிப் படிச்சீங்க?"

எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் பரணில் இருந்த முழுப் பதிப்பை இறக்கினேன். நானும் நாற்பது வருடமாக அதைத் திறக்கவில்லை. இரண்டு மாதம், தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவள் சத்தமாகப் படிக்க நான் கேட்டேன். குழித்தறி இருந்த இடத்தைச் சிமெண்டு போட்டு மூடி வெகுநாளாகிறது. அதன் மேல்தான் எங்கள் சாப்பாட்டு மேசை.

மூன்றாம் பாகத்தில், வாதாபி நாற்சந்தி வந்தது. தமிழ்நாட்டிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுபோன ஆண்களையும் பெண்களையும் நிற்கவைத்துச் சாட்டையால் அடிக்கிறார்கள். சிவகாமி ஆடினால் அடி நிற்கும். அவள் ஆடுகிறாள். தன் தந்தை கல்லில் வடித்த அபிநயங்களை, மகேந்திரவர்மன் சபையில் ஆடிய அந்த ஆட்டத்தை, எதிரியின் ஊர்த் தெருவில், மற்றவர் முதுகில் விழும் அடியை நிறுத்துவதற்காக ஆடுகிறாள். பேத்தி படிப்பதை நிறுத்திவிட்டுச் சுருக்கப் பதிப்பை எடுத்துப் புரட்டினாள். அதில் இந்த இடம் ஒரே வரி. வாதாபியில் அவள் நடனமாட நேர்ந்தது, அவ்வளவுதான்.

அந்த ஒரு வரிக்குப் பிறகு வரும் சபதத்தைப் படித்தால் அடமாகத்தான் தெரியும். நாற்சந்தியை முழுதாகப் படித்துவிட்டு வந்தால், மாமல்லரிடம் அவள் 'வர மாட்டேன்' என்பது வேறு பேச்சு. சாட்டைக்குக் கீழே நின்றவர்கள் அங்கேயே இருக்கும்போது தான் மட்டும் இரவோடு இரவாக நழுவிப் போவதா? அதோடு, தன் கலையை அப்படி இழிவு செய்த இடத்திலிருந்து, காதலன் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினால் அந்த இழிவு போய்விடுமா? எனக்கு எழுபது வயதில்தான் இது உறைத்தது. பன்னிரண்டு வயதில் நானும் முழுப் புத்தகத்தைத்தான் படித்தேன், ஆனால் அதற்குள் போகிற பக்குவம் இல்லை. பக்குவம் வரும்போது திரும்பிப் போய்ப் பார்க்க அந்தப் பக்கங்கள் இருந்தன. சுருக்கப் பதிப்பை மட்டும் வைத்திருக்கும் பிள்ளை எங்கே திரும்பிப் போகும்?

எதையெல்லாம் எடுத்திருக்கிறார்கள் என்று நாங்கள் இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தோம். ஆயனர் கல்லைப் பற்றிப் பேசுவது இல்லை. அஜந்தா வர்ணம் இல்லவே இல்லை. பரஞ்சோதி ஏன் அவ்வளவு தூரம் போகிறான் என்பதே புரியாது. சிவகாமி ஆடும் இடங்கள் எல்லாம் இரண்டு மூன்று வரி. மாமல்லரும் அவளும் தாமரைக் குளக்கரையில் பேசுவது மட்டும் அப்படியே இருக்கிறது. வேலையை எடுத்துவிட்டார்கள், காதலை விட்டுவைத்திருக்கிறார்கள். ஒரு பெண்ணிடமிருந்து அவள் தொழிலைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது யாரையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒருத்தி. கல்கி எழுதியது அப்படி ஒருத்தியை அல்ல. அவர் 'கர்நாடகம்' என்ற பெயரில் வருடக்கணக்கில் நாட்டியத்தையும் சங்கீதத்தையும் விமரிசனம் எழுதியவர். சபா சபாவாக உட்கார்ந்து பார்த்தவர் எழுதிய நாட்டிய வர்ணனையை 'வளர்த்தல்' என்று வெட்டுவது, சேலையில் ஜரிகையை உருவிவிட்டு எடை குறைந்தது என்று சந்தோஷப்படுவது போல.

இதனால் அந்தக் காலத்து நாவல்களை அப்படியே கும்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேத்தியோடு படிக்கும்போது என் நெஞ்சில் குத்திய இடங்களும் உண்டு. நாகநந்தி பிக்ஷு அதில் முதலாவது. மூன்றாம் பாகத்தின் பெயரே 'பிக்ஷுவின் காதல்'. 'இவளுடைய கலைக்காக நான் என்னவெல்லாம் செய்தேன்' என்கிற அவனுடைய பேச்சைக் கேட்டபோது சிறுமியாக எனக்குப் பயம் வந்தது. கூடவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் மயக்கமும் வந்தது. பேத்திக்கு ஒரு நொடிகூட மயக்கம் இல்லை. "இவன் ஒருத்தியை அடைச்சு வெச்சுட்டு அதுக்குக் காதல்னு பேர் வைக்கிறான் ஆயா" என்றாள். அவள் சொன்னது சரி. அந்தத் தெளிவு எங்கள் தலைமுறைக்கு இல்லை.

அடுத்தது, கெட்டவனாக வருபவன் புத்த பிக்ஷுவாக இருப்பது. காஞ்சி பௌத்தர்களுக்கும் ஊர். தன்னைத் துரத்திய இளவரசனையும் குலத் தொழிலையும் விட்டுவந்த மணிமேகலை, கடைசியில் அறவண அடிகளிடம் தருமம் கேட்டுத் துறவு பூண்டது இந்தக் காஞ்சியில்தான். இரண்டு ஆடல் மகளிரின் கதை எங்கள் ஊரில் முடிகிறது. ஒருத்தி பௌத்தத் துறவி ஆகிறாள். மற்றவள் ஏகாம்பரநாதர் சந்நிதியில் தாலி கட்டிக்கொள்கிறாள்.

அந்தத் தாலிதான் எனக்குத் தீராத முள். சிவகாமி இறைவனையே நாயகனாக வரித்து, 'முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்' என்ற அப்பர் தேவாரத்துக்கு ஆடி முடிக்கிறாள். 'தலைப்பட்டாள் நங்கை தலைவன் தாளே' என்று நான் படித்தபோது அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அது அழகான முடிவாகவே இருந்தது. இப்போது அந்தத் தொடர் வந்த வருடத்தைப் பாருங்கள். கதை முடிந்தது 1946-ல். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவதைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1947-ல். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதற்காக 1920-களின் கடைசியிலிருந்து போராடியிருக்கிறார். தாசி குலத்தில் பிறந்து அதை எதிர்த்து நின்ற மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், கல்கியின் தொடர் தொடங்குவதற்கு எட்டு வருடம் முன்பே, 1936-ல், 'தாசிகள் மோசவலை' நாவலை வெளியிட்டுவிட்டார். அதற்கு முந்தின வருடம்தான் ருக்மிணி தேவி அடையாறு தியசாபிகல் சொசைட்டி விழாவில் மேடையேறி ஆடினார். ஆட்டம் தாசி குலத்தார் கையிலிருந்து பிற குலத்துப் பெண்கள் கைக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். அந்த நேரத்தில், ஏழாம் நூற்றாண்டுக் கதை என்று சொல்லி, ஒரு நாட்டியக்காரியைக் கடவுளுக்கு மணம் முடித்துக் கண்ணீரோடு வழியனுப்புகிறது இந்த நாவல்.

கல்கி கெட்ட எண்ணத்தில் எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. சிவகாமிக்கு இந்த உலகத்தில் ஒரு மரியாதையான இடம் தேடிப் பார்த்து, கிடைக்காமல், கோயிலில் கொண்டுபோய் விட்டார் என்று படுகிறது. தந்தையோடு அவள் தன் கலையைச் சொல்லிக்கொடுத்து வாழ்ந்திருக்கக் கூடாதா என்று பேத்தி கேட்டாள். 1946-ல் அப்படி ஒரு முடிவை எழுதப் பத்திரிகைக் கதைக்கு இடம் இருந்ததா என்று நான் கேட்டேன். இருவருக்கும் பதில் வரவில்லை. ஆனால் அப்படி ஒரு பேச்சு, தறி இருந்த அந்த அறையில், ராத்திரி பதினோரு மணி வரை நடந்தது. புத்தகத்தின் முதல் பக்கத்தில் தொடர் வந்த வருடம் அச்சிட்டிருந்ததால் நடந்தது. சுருக்கப் பதிப்பில் வருடமே இல்லை. எழுதியவர் நேற்று எழுதினாரா, எண்பது வருடம் முன்னால் எழுதினாரா என்று அதைப் படிக்கிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

வாதாபி எரிந்த இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்றைக்கு அண்ணனும் நானும் கை தட்டினோம். அப்பா தறியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "அந்த ஊர்லயும் நம்மள மாதிரி தறிக்காரன் இருந்திருப்பான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் கைலாசநாதர் கோயிலில் ஒரு கன்னடக் கல்வெட்டைக் காட்டினார்கள். வாதாபி வீழ்ந்தது 642-ல். அதற்கு ஏறத்தாழ நூறு வருடம் கழித்து, அதே சளுக்கிய வம்சத்து இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடிக்கிறான். எங்கள் ஊரை அவன் எரிக்கவில்லை. பல்லவ மன்னன் இராஜசிம்மன் கட்டிய அந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாக அந்தக் கல்வெட்டு சொல்கிறது. பிள்ளைகளே, நாவலைப் படித்துவிட்டு ஒரு முறை காஞ்சிக்கு வந்து அந்தக் கல்லையும் பாருங்கள். நாவலிலும் இதற்கு ஒரு இடம் இருக்கிறது. வாதாபிப் போருக்குப் பிறகு பரஞ்சோதி வாளை வைத்துவிட்டுச் சிவனடியாராகிப் போய்விடுகிறார். பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர் அவர்தான். வெற்றியின் நடுவில் சேனாபதியே விலகி நடக்கும் அந்தப் பக்கங்களும் சுருக்கப் பதிப்பில் நான்கு வரியாகிவிட்டன.

சாண்டில்யன் நாவல்களைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டு அக்கா 'கடல் புறா'வைக் குமுதத்திலிருந்து வாரா வாரம் கிழித்துத் தைத்து பைண்டு போட்டு வைத்திருந்தாள். அதை எங்கள் வீட்டில் சத்தமாகப் படிக்க முடியாது. பெண்ணின் உடம்பை வர்ணிக்க ஆரம்பித்தால் பக்கம் பக்கமாகப் போகும். காஞ்சனாதேவி, மஞ்சளழகி என்று இரண்டு பெண்கள், நடுவில் ஒரே இளையபல்லவன். இன்றைக்குப் படித்தால் அந்த வர்ணனைகள் எனக்குச் சலிப்புத் தருகின்றன, சில இடத்தில் கோபமும் வருகிறது. ஆனால் கலிங்கத்துப்பரணியில் ஜெயங்கொண்டார் பாடிய கருணாகரத் தொண்டைமானைத்தான் சாண்டில்யன் இளையபல்லவனாக்கி ஒரு மரக்கலத்தில் ஏற்றி, காற்றையும் பாயையும் நீரோட்டத்தையும் சொல்லிச் சொல்லிக் கடாரம் வரை கொண்டுபோகிறாரே, கடலையே பார்க்காத பிள்ளையார்பாளையத்துப் பெண்ணுக்கு அதுதான் முதல் கடல். கோபம் வரும் பக்கத்தையும் வெட்ட வேண்டாம் என்றுதான் சொல்வேன். எங்கள் அக்காக்கள் எதைப் படித்து வளர்ந்தார்கள், எதை அழகு என்று நம்பவைக்கப்பட்டார்கள் என்பதற்கு அந்தப் பக்கங்கள்தான் சாட்சி.

பதிப்பாளர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால்தான் பிழை மலிந்த பதிப்புகளும் வெட்டிய பதிப்புகளும் கடையில் குவிகின்றன. சுருக்கித்தான் ஆக வேண்டுமென்றால் 'சுருக்கம்' என்று அட்டையில் பெரிய எழுத்தில் போடுங்கள். என் பேத்தி வாங்கியதில் அந்தச் சொல் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. தொடராக எந்த வருடம் வந்தது என்று முதல் பக்கத்தில் போடுங்கள். கடைசியில் நாலு பக்கம் ஒதுக்கி, இன்னார் வரலாற்றில் உண்டு, இன்னார் ஆசிரியர் படைத்தவர் என்று சொல்லுங்கள். மாமல்லரும் புலிகேசியும் பரஞ்சோதியும் இருந்தவர்கள். ஆயனரும் சிவகாமியும் கற்பனை. இந்தச் சின்ன விஷயம் தெரியாமல், சிவகாமி வாழ்ந்த வீடு எது என்று கேட்டுக்கொண்டு இன்றைக்கும் ஆட்கள் எங்கள் ஊருக்கு வருகிறார்கள்.

உங்கள் இணைப்பில் எழுதிய அந்த வாசகருக்கு ஒரு செய்தி: இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிக்க மாட்டார்கள் என்பது உண்மையில்லை. என் பேத்தி நான்கு பாகத்தையும் முடித்துவிட்டாள். முடிவு அவளுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று நான்காம் பாகத்தின் கடைசிப் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதி, தேதியும் போட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.